மேலூர்ப் பக்கத்துக் குகைப் பள்ளிகள்

மதுரைக்கு வடகிழக்கே, அழகர்மலையின் கிழக்குச் சரிவில் தொடங்கிக் கருங்காலக்குடி வரை, வயலும் கண்மாயுமாகக் கிடக்கும் சமவெளியில் பாறைக்குன்றுகள் ஆங்காங்கே தலைதூக்கி நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் துறவியர் தங்கிய குகைத்தளங்கள் உள்ளன. பாண்டியர் தலைநகரிலிருந்து ஒரு நாள் நடையில் எட்டக்கூடிய தொலைவு. ஆனாலும் இன்றைக்கும் இவை ஒதுக்குப்புறங்கள்தான். மதுரை மாவட்டம் இங்கே முடிகிறது. கருங்காலக்குடியைத் தாண்டினால் ஒரு பக்கம் சிவகங்கை, மறுபக்கம் திண்டுக்கல் மாவட்ட எல்லைகள் வந்துவிடும். வடகிழக்கே பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலை தெரியும்.

ஊரார் இவற்றைப் பஞ்சபாண்டவர் மலை, பஞ்சபாண்டவர் படுக்கை என்றே சொல்வர். வனவாசத்தில் ஐவர் படுத்த இடம் என்பது கதை. வழி கேட்கும்போது இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆடு மேய்ப்பவரும் கை காட்டுவார். ‘தமிழிக் கல்வெட்டு எங்கே’ என்று கேட்டால் பல ஊர்களில் விழிப்பார்கள்.

அஜந்தாவையும் எல்லோராவையும் மனத்தில் வைத்துக்கொண்டு வருபவருக்கு முதல் பார்வையில் ஏமாற்றமாக இருக்கும். இங்கே துறவியருக்காக யாரும் மலையைக் குடைந்து மண்டபம் எடுக்கவில்லை. பாறை தானாகப் பிளந்து, ஒரு பலகை இன்னொன்றின் மேல் கவிந்து, கீழே நிழலாகக் கிடந்த இடம். அதை மனிதர் வாழத் தக்கதாக்கிக்கொண்டார்கள், அவ்வளவே. பார்க்கத் தெரிந்தவருக்கு அந்தச் சிறு வேலைப்பாட்டில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் வழி சொல்வதற்கு முன், பார்க்கும் முறையைச் சொல்லிவிடுவது நல்லது.

குகையைப் பார்க்கும் முறை

குகைமுன் நின்றதும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கவிந்த பாறையின் நெற்றியில், ஓரத்துக்கு ஓரம், நீளமாக ஒரு கோடு வெட்டியிருக்கும். இதற்குக் காடி என்று பெயர். பாறைமேல் விழும் மழைநீர் வளைவை ஒட்டியே வழிந்து உள்ளே இறங்கும் இயல்புடையது. காடி அந்த நீரைத் தடுத்து வெளியே சொட்டச் செய்கிறது. இன்றும் மழை பெய்யும்போது இந்தக் குகைகளின் முன் நீர்த்திரை தொங்குவதையும், உள்ளே தரை காய்ந்திருப்பதையும் காணலாம். சமணத் துறவியர் ஆண்டில் எட்டு மாதம் ஓரிடத்தில் தங்காமல் நடப்பவர்கள். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும், நடந்தால் சிற்றுயிர்கள் மிதிபடும் என்பதால், ஓரிடத்தில் தங்குவார்கள். மழைக்கு ஒதுங்கும் இடத்தில் மழை உள்ளே வரக் கூடாதல்லவா? குகையைப் பள்ளியாக, அதாவது துறவியர் உறைவிடமாக, ஆக்கிய முதல் வெட்டு இந்தக் காடிதான்.

அடுத்து தரை. பாறைத்தளத்தைச் சமன்செய்து, ஓர் ஆள் படுக்கும் நீள அகலத்தில், வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள் வரிசையாக இருக்கும். தலைப்பக்கம் சற்று உயர்ந்து தலையணைபோல் இருக்கும். ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே மெல்லிய விளிம்பு விட்டிருப்பார்கள். படுக்கைகளை எண்ணினால் அந்தப் பள்ளியில் எத்தனை பேர் தங்கியிருக்கலாம் என்று ஒரு கணக்கு கிடைக்கும். சில குகைகளின் முன்பாறையில் வட்டக்குழிகள் தென்படும். கீற்றுப் பந்தல் போட நட்ட கால்களின் குழிகள் அவை. அரைப்பதற்குப் பயன்பட்ட சிறு குழிகளும் உண்டு.

மூன்றாவதாகத்தான் எழுத்து. பெரும்பாலும் காடிக்குக் கீழேயோ மேலேயோ, ஒரே வரியாக ஓடும். தமிழ்பிராமி என்றும் தமிழி என்றும் சொல்லப்படும் இந்த எழுத்தை முதலில் பார்த்த அறிஞர்கள் பிராகிருதமாகவோ பாலியாகவோ படிக்க முயன்றார்கள். பொருள் பிடிபடவில்லை. வடக்கே அசோகர் கல்வெட்டுகளில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகள் இங்கே இருப்பதைக் கவனித்து, இது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். அதன் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. பழைய முறையில் புள்ளி கிடையாது. உயிர்மெய் அகரத்துக்கும் ஆகாரத்துக்கும் ஒரே கோட்டைப் போட்டுவிட்டு, கோடு இல்லாத எழுத்தை மெய்யெழுத்தாகக் கொண்டிருந்தார்கள். இன்றைய பழக்கத்துக்கு நேர் எதிர். இதைப் பிரித்தறிந்து, குகை குகையாக நேரில் ஏறிப் பார்த்து, 1960களில் நிலையான வாசிப்பைத் தந்தவர் ஐராவதம் மகாதேவன். அவருடைய பெரும் தொகுப்பு 2003இல் வந்தது.

எழுத்தின் செய்தி எளியது. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் இந்தப் பள்ளியைச் செய்து கொடுத்தார் அல்லது வெட்டுவித்தார். அரசர் புகழும் போர் வெற்றியும் மெய்க்கீர்த்தியும் இல்லை. உப்பு விற்றவர், துணி விற்றவர், பொன்வேலை செய்தவர், ஊர்ப் பெரியவர் எனப் பெயர்கள் வருகின்றன. கீழடிப் பானையோடுகளில் கீறியிருக்கும் குவிரன், ஆதன் என்ற பெயர்களும் இதே எழுத்தில், இதே எளிமையில் எழுதப்பட்டவை. ஊரில் பானைமேல் பெயர் எழுதிய சமூகத்தின் அதே கைதான் மலையிலும் எழுதியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் ஒரு வரிக் கல்வெட்டு பெரிதாகத் தெரியும்.

நான்காவது அடுக்கு பிற்காலத்தது. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இதே மலைகளில் சமணம் மீண்டும் தழைத்தபோது பாறையில் தீர்த்தங்கரர் திருமேனிகளைப் புடைப்பாகச் செதுக்கி, அடியில் வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயரைப் பொறித்தார்கள். அவற்றுள் அடிக்கடி வரும் பெயர் அச்சணந்தி. அழகர்மலை, அரிட்டாபட்டி, கருங்காலக்குடி, ஆனைமலை, தெற்கே சிதறால், வடக்கே வள்ளிமலை என்று இந்தத் துறவியின் பெயர் தமிழகத்தின் இரு முனைகளிலும் கிடைக்கிறது. ஆக, ஒரே பாறையில் ஓராயிரம் ஆண்டு இடைவெளி விட்டு இரண்டு காலம் பதிந்திருக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் புதிதாகச் செல்பவர் செய்யும் பெரும்பிழை. படுக்கையும் தமிழியும் முந்தையவை. சிலையும் வட்டெழுத்தும் பிந்தையவை.

காடி வெட்டிய குகை, கொடுத்தவர் பெயர் சொல்லும் ஒரு வரி என்ற இந்த வழக்கம் இலங்கையிலும் உண்டு. மிகிந்தலை தொடங்கி அங்கே பௌத்தத் துறவியருக்குக் கொடுத்த குகைகளில் இதே அமைப்பு ஏராளமாகக் காணப்படுகிறது. பீகாரின் பராபர் குகைகளில் கல்லைக் கண்ணாடிபோல் மெருகேற்றியிருக்கிறார்கள், அது அரசரின் கொடை. மேலூர்ப் பக்கத்துக் குகைகளில் பெரும்பாலானவை ஊராரும் வணிகரும் கொடுத்தவை. அந்த வேறுபாடு கல்லிலேயே தெரிகிறது.

காலமும் ஆயத்தமும்

நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஐப்பசி மழையில் பாறை வழுக்கும். பாசி படிந்த சரிவில் மழை நின்ற மறுநாளும் ஏறக் கூடாது. பங்குனி, சித்திரையில் காலை பத்து மணிக்கே பாறை கால் வைக்க முடியாதபடி சுடும். மழைக்குப் பின் கண்மாய் நிறைந்திருக்கும் தை மாதமே இந்தப் பக்கத்தின் முழு அழகும் தெரியும் மாதம்.

எந்த மாதமானாலும் மதுரை தல்லாகுளத்திலிருந்து விடியுமுன் கிளம்புவது நல்லது. காரணம் வெயில் மட்டுமன்று. தேய்ந்த எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில்தான் கண்ணுக்குப் புலப்படும். உச்சி வெயிலில் பாறை தட்டையாகத் தெரியும், எழுத்து மறைந்துபோகும். சாய்ந்த வெயில் கிடைக்காத குகைகளில் டார்ச் விளக்கைப் பாறையோடு பாறையாகப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்தின் நிழல் விழுந்து படிக்க முடியும். டார்ச் இல்லாமல் செல்வது பாதிப் பயணம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள காலணி, தொப்பி, முழுக்கைச் சட்டை போதும். குன்றுகளில் கழிப்பறையோ கடையோ கிடையாது. மேலூர்ப் பேருந்து நிலையத்தையே நம்ப வேண்டும். கவிந்த பாறைகளின் அடியில் மலைத்தேனீ அடைகள் தொங்கும். புகை, பட்டாசு, கடுமையான வாசனைத் தைலம் எதுவும் கூடாது. அடை பெரிதாகத் தெரிந்தால் அந்தக் குகையை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்வதே அறிவு. கல்லிடுக்கில் கை விடுவதும் ஆகாது. பல குன்றுகளின் அடியிலோ மேலோ ஊர்த்தெய்வத்தின் கோயில் இருக்கும். எங்கிருந்து செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த நாளில் ஏறக் கூடாது என்பது ஊருக்கு ஊர் மாறும். கேட்டுவிட்டு ஏறினால் யாரும் தடுப்பதில்லை. கேட்காமல் ஏறுபவரைப் புதையல் தேடி வந்தவர் என்று சந்தேகிப்பார்கள். அப்படித் தோண்டிப் பாழாக்கியவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பகுதிக்குத் தனியாகப் போவதைவிட மூன்று நான்கு பேராகப் போவது மேல். மதுரையில் பசுமை நடை என்ற குழு 2010 முதல் மாதந்தோறும் இத்தகைய இடங்களுக்கு மக்களை அழைத்துச் சென்று, தொல்லியல் அறிந்தவர்களைக் கொண்டு விளக்கம் சொல்லிவருகிறது. முதல் முறை செல்பவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. முன்கூட்டியே படித்துக்கொள்ள விரும்புபவருக்கு வெ. வேதாசலத்தின் ‘எண்பெருங்குன்றம்’ போதும்.

ஒரே நாளில் ஐந்து குன்றையும் பார்க்க முயல்வது வீண். காலையில் ஏற்றமுள்ள ஒன்று, அதற்குப் பின் எளிதான ஒன்று என்று இரண்டைப் பார்த்தாலே நாள் நிறைவாக இருக்கும். கீழே சொல்லப்படும் ஐந்தையும் இரண்டு மூன்று நாள்களாகப் பிரித்துக்கொள்வது நலம்.

அழகர் சாலையும் கிடாரிப்பட்டியும்

தல்லாகுளம் பெருமாள் கோயிலைத் தாண்டி வடக்கே நீளும் சாலை புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி வழியாக அழகர்கோயிலுக்குப் போகிறது. சித்திரையில் கள்ளழகர் மதுரைக்கு இறங்கிவரும் அதே வழி. திருவிழா நாள்களில் இந்தச் சாலையில் குகைப் பயணத்தை வைத்துக்கொள்ள முடியாது. மற்ற நாள்களில் சுமார் 20 கிலோமீட்டரில் அழகர்கோயில். அங்கிருந்து கிழக்கே மேலூருக்குப் பிரியும் சாலையில் சிறிது தூரத்தில் கிடாரிப்பட்டி.

ஊருக்கு வடக்கே அழகர்மலையின் சரிவில் இருக்கிறது குகை. மலையடிவாரம் வரை மண்பாதை, அதன்பின் ஏற்றம். குகை அகலமானது. உள்ளே ஒரு சுனை உண்டு. இங்கே 13 தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன, இந்தப் பக்கத்துக் குன்றுகளில் இதுவே அதிகம். படித்தால் ஒரு கடைத்தெருவே எழுந்து வரும். மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர், உப்பு வணிகர், கொழு வணிகர், பாகு அல்லது வெல்லம் விற்ற பணித வணிகர், துணி விற்ற அறுவை வணிகர் என்று தொழிலோடு பெயர் வருகிறது. ஏரின் கொழு விற்றவர் தன் வருவாயில் ஒரு பங்கைத் துறவியின் படுக்கைக்குக் கொடுத்திருக்கிறார் என்றால், அக்காலத்தில் உழவு எவ்வளவு பரவியிருக்க வேண்டும், அதற்கு இரும்பு எவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். மதுரை என்ற ஊர்ப்பெயர் இங்கே ‘மத்திரை’ என்று எழுதப்பட்டிருக்கிறது. குகையின் வெளிப்புறப் பாறையில் அச்சணந்தி பெயருள்ள தீர்த்தங்கரர் திருமேனி பிற்காலத்தது.

மீனாட்சிபுரம்

புத்தகங்களில் மாங்குளம் கல்வெட்டு என்று வருவது உண்மையில் மாங்குளத்துக்கு அருகிலுள்ள மீனாட்சிபுரத்து மலையில் இருக்கிறது. இந்த மலைக்குக் கழுகுமலை, ஓவாமலை என்ற பெயர்கள் உண்டு. கோவில்பட்டிப் பக்கத்துக் கழுகுமலையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பொழுது ஒன்றை மட்டும் பார்க்க அனுமதித்தால், பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏற்றம் சற்றுக் கடினம். நிதானமாக ஏறுபவருக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். குகைகள் ஒரே இடத்தில் இல்லை, மலையின் பல மட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. ஊரிலிருந்து வழி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு ஏறினால் ஒன்றையும் தவறவிடாமல் பார்க்கலாம். அவருக்கு அரைநாள் கூலி கொடுப்பது முறை.

1882இல் ராபர்ட் சுவெல் இந்தக் குகைகளை வெளியுலகுக்குத் தெரிவித்தார். எழுத்தில் என்ன இருக்கிறது என்பது தெளிய மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. தெளிந்தபோது வந்த பெயர் நெடுஞ்செழியன். சங்கப் பாடல்களால் மட்டும் அறிந்திருந்த பாண்டியர் குடிப்பெயர் கல்லில் கிடைத்தது. மகாதேவன் இதைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்று கணித்தார். இலக்கியச் செழியனும் கல்வெட்டுச் செழியனும் ஒருவரே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பெயர் தாங்கிய பாண்டியர் இருந்தார் என்பதற்குக் கல்லே சாட்சி.

கல்வெட்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு துறவியைச் சுற்றி ஒரு சமூகம் திரண்ட கதை கிடைக்கிறது. கொடை பெற்றவர் கணி நந்தாசிரியன். கணி என்பது துறவியர் கூட்டத்தின் தலைவரைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளப்படுகிறது. அவருக்கு ஒரு பள்ளியை வெட்டுவித்தவர் கடலன் வழுதி, நெடுஞ்செழியனின் பணியாளர். வழுதி என்பதும் பாண்டியருக்குரிய பெயரே. இன்னொரு குகையில் நெடுஞ்செழியனுக்குச் சகலை முறையான இளஞ்சடிகனும் அவருடைய தந்தை சடிகனும் வருகிறார்கள். வேறிடத்தில் ‘வெள்ளறை நிகமத்தோர்’ என்று வெள்ளறை ஊர் வணிகக் குழு சேர்ந்து கொடுத்திருக்கிறது. அந்த நிகமத்தைச் சேர்ந்த ஒருவருக்குக் காவிதி என்ற பட்டம் இருக்கிறது. வெள்ளறை என்பது மேலூர்ச் சாலையிலுள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியாக இருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். அரசனின் அலுவலரும் அரச உறவினரும் ஊர் வணிகரும் ஒரே மலையில் அடுத்தடுத்துக் கொடை எழுதிய காட்சி தமிழகத்தில் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் கிடைப்பது அரிது.

மாநிலத் தொல்லியல் துறை 2006–07இல் மாங்குளத்தில் அகழாய்வும் செய்திருக்கிறது. மலைமேல் செங்கல் கட்டுமானத்தின் தடயங்கள் வெளிப்பட்டன. குகைகளோடு, கூடி வழிபட ஓர் இடமும் இங்கே இருந்திருக்கும் என்பதற்கு அது குறிப்பு.

கொடை எழுத்தில் ஜைனம் என்ற சொல் எங்கும் இல்லை. கணி, தம்மம், உபசன், பள்ளி போன்ற சொற்களையும், பிற்காலத்தில் இதே மலைகள் சமணரிடமே தொடர்ந்து இருந்ததையும் வைத்தே பெரும்பாலான அறிஞர் இவற்றைச் சமணப் பள்ளிகள் என்கின்றனர். ஆசீவகருடையவை என்று வாதிடுபவரும் உண்டு. மலையில் நின்று பார்ப்பவர் இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

அரிட்டாபட்டி

மீனாட்சிபுரத்துக்குக் கிழக்கே அடுத்த குன்றுகள் அரிட்டாபட்டியைச் சேர்ந்தவை. மேலூர் நெடுஞ்சாலையில் நரசிங்கம்பட்டிப் பக்கமிருந்தும் இங்கே வரலாம். ஏறக் கடினமில்லாத இடம். குழந்தைகளையும் வயதானவர்களையும் அழைத்து வருபவருக்கு ஐந்து இடங்களில் இதுவே பொருத்தம். பார்க்க வேண்டியவை மூன்று தனித்தனி மூலைகளில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுபவர் பலர்.

முதலாவது கழிஞ்சமலைக் குகைத்தளம். நீளமாக ஓடும் காடியும் அதன்கீழ் தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. ஒன்று நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் குடைவித்தது என்கிறது. மற்றொன்று இலஞ்சியைச் சேர்ந்த வேள் மாப்பராவன் மகன் எமயவன் கொடுத்ததைச் சொல்கிறது. குகைக்கு இங்கே ‘முழாகை’, ‘முழஉகை’ என்ற சொற்கள் வருகின்றன. முழை என்று இலக்கியத்தில் வரும் சொல்லின் பழைய உருவம். இலஞ்சி என்ற பெயரில் ஊர் இன்றும் தென்காசிக்கு அருகே உண்டு. அங்கிருந்து ஒரு வேளிர் குடிமகன் இவ்வளவு தூரம் வந்து கொடை கொடுத்திருந்தால், இந்தக் குன்றுகள் உள்ளூர்ப் பள்ளிகளாக மட்டும் இருந்திருக்க முடியாது. இரண்டாவது, அதே பக்கத்தில் பாறையில் அமர்ந்த கோலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர். அடியிலுள்ள வட்டெழுத்து இந்த மலையைத் திருப்பிணையன்மலை என்று அழைத்து, திருமேனியை அச்சணந்தி செய்வித்தார் என்கிறது. ஊரைச் சேர்ந்தவர்கள் இதைக் காக்க வேண்டும் என்ற பொறுப்பும் அந்தக் கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, குன்றின் வேறொரு பக்கத்தில், முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை. கருவறை லிங்கம் தாய்ப்பாறையிலேயே வெட்டியது. வாயிலின் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் இலகுலீசர். கையில் தண்டத்தோடு அமர்ந்த இந்தப் பாசுபத ஆசான் தமிழகக் குடைவரைகளில் அபூர்வம். வழிபாட்டில் உள்ள கோயில் என்பதால் பூசாரியைக் கேட்டு உள்ளே செல்ல வேண்டும்.

அரிட்டாபட்டியில் தலையைத் தூக்கியபடியே நடக்கலாம். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராஜாளி ஆகியவை இந்தப் பாறைமுகடுகளில் வாழ்கின்றன. குன்றுக்காட்டில் தேவாங்கும் அழுங்கும் மலைப்பாம்பும் உண்டு. பாறைகளில் வடியும் நீர் சுனைகளாகி, ஓடைகளாகி, கண்மாய்களை நிரப்புகிறது. ஊர்ப் பெரிய கண்மாயின் பெயர் ஆனைகொண்டான். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரு ஊர்களிலும் சேர்த்து சுமார் 193 ஹெக்டேர் நிலத்தைத் தமிழக அரசு 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இத்தகைய முதல் அறிவிப்பு அதுவே.

அறிவித்து இரண்டு ஆண்டு முடிவதற்குள் இதே பக்கத்தை உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2,015.51 ஹெக்டேர், ஏலத்தில் விடப்பட்டது. ஊர்கள் கூடின. 2024 டிசம்பர் 9இல் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7இல் விவசாயிகள் நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தலைமை அஞ்சலகத்தை நோக்கிப் பேரணியாக நடந்தார்கள். குகை பார்க்கச் செல்பவர் தல்லாகுளத்திலிருந்து போகும் வழியில், குகையைக் காக்க வேண்டியவர்கள் தல்லாகுளத்தை நோக்கி வந்தார்கள். ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த ஊர்களில் அயலார் கேமராவோடு வந்தால் என்ன வேலை என்று கேட்பார்கள். அவர்களுக்கு நின்று பதில் சொல்ல வேண்டும்.

கீழவளவு

மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் கீழவளவு. மேலூரில் ஏறும் திருப்பத்தூர்ப் பேருந்துகள் ஊரில் நிற்கும். சாலையிலிருந்து நடந்துபோகும் தூரத்திலேயே பஞ்சபாண்டவர் மலை. பெரிய உருண்டைப் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் குன்று, அடியில் விரிந்த குகை, தரை நிறையப் படுக்கைகள்.

இங்குள்ள ஒரே தமிழிக் கல்வெட்டு விசித்திரமானது. எழுத்துகளில் சில தலைகீழாகவும், சில கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியும் வெட்டப்பட்டுள்ளன. கல்தச்சருக்கு எழுத்து தெரியாமல் இருந்திருக்கலாம், அல்லது சாரத்தில் மல்லாந்து படுத்து வெட்டியதால் திசை மாறியிருக்கலாம். செய்தி தெளிவானது: தொண்டியைச் சேர்ந்த உபசன், அதாவது இல்லறத்து அடியவர், கொடுத்த பள்ளி. தொண்டி கிழக்குக் கடற்கரைத் துறைமுகம். மேலூர், திருப்பத்தூர் வழியாகக் கிழக்கே போகும் இந்தச் சாலைத்தடம் அன்றும் கடலுக்குப் போன வழியாக இருந்திருக்க வேண்டும். துறைமுகத்துக்காரர் கொடை கொடுக்க இந்தக் குன்றைத் தேர்ந்ததற்கு அதைவிடப் பொருத்தமான காரணம் தேட வேண்டியதில்லை. குகைக்கு மேலே பாறைச்சுவரில் பிற்காலத் தீர்த்தங்கரர் வரிசை உள்ளது. சற்று உயரத்தில் இருப்பதால் தொலைநோக்கி இருந்தால் உதவும்.

குன்றின்மேல் நின்று சுற்றிப் பார்த்தால் செங்குத்தாக அறுத்து எடுத்த கிரானைட் குழிகள் தண்ணீர் நிறைந்து கிடப்பது தெரியும். இந்த வட்டாரக் கிரானைட் முறைகேடுகளை விசாரிக்க உயர்நீதிமன்றம் 2014இல் ஆட்சிப்பணி அதிகாரி உ. சகாயத்தை நியமித்தது. 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். படுக்கை உள்ள பாறை தப்பியது, பக்கத்துப் பாறைகள் பல இல்லை. குழிகளின் ஓரம் வேலியற்றது, நீர் மிக ஆழம். அங்கே இறங்குவதோ குளிப்பதோ கூடவே கூடாது.

கருங்காலக்குடி

மேலூரிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 12 கிலோமீட்டர். ஊரை ஒட்டிய குன்றில் குகைத்தளம், கற்படுக்கைகள், ஏழையூரைச் சேர்ந்த அரிதின் என்பவர் பெயர் சொல்லும் சிறு தமிழிக் கல்வெட்டு, அச்சணந்தி பெயருள்ள தீர்த்தங்கரர் திருமேனி ஆகியவை உள்ளன. இவற்றுக்கெல்லாம் முந்தைய வெண்ணிற ஓவியங்களும் பாறையில் மங்கலாகத் தெரியும். ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் பளிச்சென்று படம் எடுப்பது சிலரிடம் உள்ள பழக்கம். ஒவ்வொரு தெளிப்பிலும் நிறம் கரையும். ஒருபோதும் செய்யக் கூடாது.

கல்வெட்டுக்கும் இதே விதி. எழுத்து தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, சுண்ணாம்பு பூசுவது, விரலால் தடவுவது எதுவும் ஆகாது. இந்தக் குன்றுகள் மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் பொறுப்பில் உள்ளவை. மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. படுக்கைகளின்மேல் காதலர் பெயர்கள் கீறியிருப்பதை ஒவ்வொரு குன்றிலும் காணலாம். புதிதாக ஒன்றைக் கண்டால் இடத்தையும் நாளையும் குறித்துத் துறை அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

பேருந்தில் செல்பவர் மாட்டுத்தாவணியிலிருந்து மேலூருக்கு ஏறிக்கொள்ளலாம். அடிக்கடி வண்டி உண்டு. மேலூரிலிருந்து கீழவளவுக்கும் கருங்காலக்குடிக்கும் பேருந்து எளிது. அரிட்டாபட்டிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நகரப் பேருந்துகள் குறைவு என்பதால் மேலூரில் ஆட்டோ பேசி, திரும்ப அழைத்துவரும் நேரத்தையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். குன்றடியில் நின்று வேறு வண்டி பிடிக்க முடியாது. மாலை ஐந்து மணிக்குள் கீழே இறங்கிவிட்டால் இருட்டுமுன் மேலூர் வந்து, அங்கிருந்து மதுரை வண்டியில் ஏறிவிடலாம்.